புறஊதா ஒளியில் இரத்தினக் கற்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த விரிவுரைத் தொடரில், கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச வருபவர்கள் பழைய நினைவுகளைப் பேசுவதுதான் வழக்கம். அதற்கு என்னைவிடத் தகுதியான அக்காமார் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே செயலாளர் கேட்டபோது, 25 வருடங்களுக்கு மேலாக நான் செய்துவரும் வேலையைப் பற்றியே பேசுகிறேன் என்றேன். இரத்தினக் கற்களைப் பரிசோதிப்பது என் தொழில். அந்தத் தொழிலில் நாங்கள் நாளாந்தம் எடுக்கும் கருவிகளில் மலிவானது புறஊதா விளக்கு. அதிகமாகத் தப்பாக விளங்கிக்கொள்ளப்படுவதும் அதுதான். இப்போது நகைக்கடைகளில் அது சிறிய ரோச் வடிவில் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அதனால் இதைப் பற்றி இங்கே, நகை அணிந்த இத்தனை பேர் முன்னிலையில் பேசுவது பயனுள்ளது என்று நினைத்தேன்.

ஒரு சொல் விளக்கம். எங்கள் நாட்டில் எல்லா இரத்தினத்தையும் பொதுவாக மாணிக்கக்கல் என்று சொல்லிவிடுவோம். இன்று நான் மாணிக்கம் என்று சொன்னால் சிவப்புக்கல்லை மட்டும்தான் கருதுகிறேன். கெம்பு என்று அம்மம்மாமார் சொல்வது.

நாகமாணிக்கக் கதை கேளாத பிள்ளை இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. வயதுபோன நாகம் இரவில் மாணிக்கத்தைக் கக்கிவைத்து, அதன் வெளிச்சத்தில் இரை தேடுமாம். துணிந்த ஒருவன் அதன்மேல் சாணியைப் போட்டு மூடினால் கல் அவனுக்குச் சொந்தமாம். உண்மையில் எந்த மாணிக்கமும் இருட்டில் தானாக ஒளிராது. அதன்மேல் ஓர் ஒளி படவேண்டும். அந்த ஒளியை நிறுத்தினால் மாணிக்கத்தின் ஒளியும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்குக்குள் அணைந்துவிடும். ஆனால் அதன்மேல் படும் ஒளி எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒளியாக இருந்தால்? பார்ப்பவருக்குக் கல் தானாக எரிவதுபோலவே இருக்கும்.

யன்னல் திரைகளை இழுத்துவிடும்படி மாணவத் தலைவிகளிடம் சொல்லியிருக்கிறேன். நன்றி. இப்போது இந்த விளக்கைப் போடுகிறேன். இன்னும் கல்லைக் காட்டவில்லை. பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களை நீங்களே பாருங்கள். சீருடைகள் எல்லாம் நீலவெள்ளையாக ஒளிர்கின்றன. அது உங்கள் அம்மா போட்ட சலவைத்தூளின் வேலை. துணி வெள்ளையாகத் தெரியவேண்டும் என்பதற்காக, புறஊதாவை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பிவிடும் ஒரு சேர்வையை அதில் கலக்கிறார்கள். முன்வரிசையில் பட்டுச்சேலைகள் பேசாமல் இருட்டாக இருக்கின்றன. பட்டைச் சலவைத்தூளில் தோய்ப்பவர்கள் நாங்கள் அல்லவே!

இந்தக் கண்ணாடிக் குவளையில் இருப்பது முருங்கையிலையைக் கசக்கிச் சத்திரசிகிச்சை ஸ்பிரிற்றில் ஊறவைத்து வடித்த பச்சைச் சாறு. விளக்கைக் காட்டுகிறேன். இரத்தம்போல் சிவந்துவிட்டது. பச்சையம் எந்த இலையில் இருந்தாலும் இப்படித்தான். மஞ்சள்தூளை ஸ்பிரிற்றில் கரைத்தால் பச்சைமஞ்சளாக ஒளிரும். வீட்டில் செய்து பார்க்கலாம். ஸ்பிரிற் அடுப்புக்குக் கிட்டப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது? ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் உண்டு என்பதை 1801 இல் ஜேர்மனியில் ரிற்றர் கண்டார். வானவில்லாகப் பிரிந்த சூரிய ஒளியில், ஊதாவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில் வைத்த வெள்ளிக் குளோரைட்டு மற்ற இடங்களைவிட விரைவாகக் கறுத்தது. பிறகு 1852 இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்ரோக்ஸ், கொயினைன் கரைசல் நிரப்பிய ஒரு குழாயை அதேபோல் பிரித்த ஒளியில் சிவப்பிலிருந்து ஊதாவரை நகர்த்திக்கொண்டு போனார். பெரும்பகுதி தூரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஊதாவின் கடைசியைத் தாண்டி, வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்துக்குள் போனதும் குழாய் நீலமாக எரிந்தது. இந்த நிகழ்வுக்கு அவர் சூட்டிய பெயர்தான் நீங்கள் பாடப்புத்தகத்தில் புளோரொளிர்வு என்று படிப்பது. புளோர்ஸ்பார் என்ற கனியத்தின் பெயரிலிருந்து அதை எடுத்தார். ஆகவே பெயரே ஒரு கல்லிலிருந்துதான் வந்தது.

விளக்கம் எளியது. 100 ரூபாவோடு சந்தைக்குப் போன பிள்ளை பஸ்ஸுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடியும். புறஊதாக் கதிர் சக்தி கூடியது. அதை வாங்கிய இலத்திரன் மேல்மட்டத்துக்கு ஏறுகிறது, அங்கே ஒரு பகுதியை வெப்பமாக விடுகிறது, மீதியை ஒளியாகக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்குகிறது. மீதி குறைவு என்பதால் வரும் ஒளி சக்தி குறைந்த ஒளி. கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் ஒன்றாக அது அமைந்துவிடுகிறது.

இனிக் கல்லுக்கு வருவோம்.

மாணிக்கமும் நீலமும் புஷ்பராகமும் ஒரே கனியம்தான். குருந்தம், அதாவது அலுமினியம் ஒட்சைட்டு. தூய குருந்தத்துக்கு நிறமே கிடையாது. அலுமினியம் இருக்கவேண்டிய இடங்களில் நூற்றுக்கு ஒன்று, பெரும்பாலும் அதிலும் குறைவாக, குரோமியம் போய் உட்கார்ந்தால் அது மாணிக்கம். அந்தக் குரோமியம் ஊதாவையும் பச்சைமஞ்சளையும் உறிஞ்சுகிறது, சிவப்பை விடுகிறது. அதோடு நிற்காமல், உறிஞ்சிய சக்தியில் ஒரு பங்கைத் தானும் சிவப்பு ஒளியாக வெளிவிடுகிறது. அலைநீளம் ஏறக்குறைய 694 நனோமீற்றர். 1960 இல் அமெரிக்காவில் மேமன் இயக்கிய முதலாவது லேசர் இந்தச் சிவப்பு ஒளியில்தான் இயங்கியது. அவர் எடுத்தது செயற்கை மாணிக்கத்தால் செய்த ஒரு சிறு கோல்.

ஒளி கொடுப்பது குரோமியம் என்றால் அதைக் கெடுப்பது இரும்பு. கல்லில் இரும்பு கூடுதலாக இருந்தால், குரோமியம் ஒளியாக விடவேண்டிய சக்தியை அது இடையில் வாங்கி வெப்பமாக்கிவிடும். பர்மாவின் மோகொக் மாணிக்கம் சலவைக்கல் பாறையில் விளைந்தது. அந்தப் பாறையில் இரும்பு அருமை. அதனால்தான் அந்தக் கல் புறஊதாவில் தணல்போல் எரிகிறது. சூரிய ஒளியிலும் கொஞ்சம் புறஊதா இருப்பதால், பகல் வெளிச்சத்தில்கூட அதன் சிவப்புக்கு உள்ளிருந்து ஒரு மெருகு சேரும். தாய்லாந்து, கம்போடிய எல்லைப்புறத்து மாணிக்கம் எரிமலைப் பாறையோடு வந்தது, இரும்பு நிறைந்தது. விளக்கின்கீழ் மங்கிப்போய் நிற்கும். எங்கள் நாட்டு மாணிக்கம் நிறத்தில் சற்று வெளிறியது, இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்தது. ஆனால் இரும்பு குறைவு, ஆகவே நன்றாக ஒளிரும்.

இதுவரை கேட்டவர்கள், ஒளிர்ந்தால் நல்ல கல், ஒளிராவிட்டால் கூடாத கல் என்று முடிவுகட்டியிருப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். பாரிஸ் நகரத்து வேர்னோய் என்ற இரசாயனவியலாளர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902 இல் வெளியிட்டார். அலுமினியம் ஒட்சைட்டுத் தூளில் சிறிது குரோமியத்தைச் சேர்த்து, ஐதரசனும் ஒட்சிசனும் எரியும் சுவாலைக்குள் தூவிவிட வேண்டும். தூள் உருகித் துளித்துளியாகக் கீழே படிந்து பளிங்குக் கட்டியாக வளரும். அது கண்ணாடியல்ல, உண்மையான குருந்தம். கடினம், அடர்த்தி, ஒளிமுறிவு எல்லாம் இயற்கைக் கல்லுடையதே. தொழிற்சாலைத் தூளில் இரும்பு இல்லாதபடியால் அது புறஊதாவில் எப்படி இருக்கும்? மோகொக் கல்லைத் தோற்கடிக்கும் அளவுக்கு எரியும். ஆக, மிக நல்ல இயற்கைக் கல்லும் மலிவான செயற்கைக் கல்லும் விளக்கின்கீழ் ஒரே முகத்தைக் காட்டும். விளக்கு சொல்வது ஒன்றுதான்: குரோமியம் இருக்கிறது, இரும்பு குறைவு. பூமியில் விளைந்ததா, சுவாலையில் விளைந்ததா என்பது அதற்குத் தெரியாது.

இது வெறும் பாடமல்ல. சில வருடங்களுக்கு முன் ஒரு வயதான அம்மாவை அவருடைய மகள் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஓர் அட்டியல், 21 சிவப்புக்கல். அம்மாவின் தாயாருடையது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுதிரிந்த நகை. பேரப்பிள்ளையின் படிப்புச் செலவுக்காக விற்கப் போயிருக்கிறார்கள். கடையில் ஒரு தம்பி ரோச்சை அடித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, கல்லு எரியுது. அப்ப இது செயற்கை. பவுனுக்குத்தான் காசு தரலாம்” என்றாராம். எரியாத மூன்று கல்லைக் காட்டி, “இது மூண்டும் மட்டும் அசல்போல கிடக்கு” என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். எரிந்த 18 கற்களில் 13 இயற்கையானவை. உள்ளே உரூத்தைல் என்ற கனியத்தின் மெல்லிய ஊசிகள் 60 பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, பட்டுநூல் விரித்ததுபோல் கிடந்தன. தொழிலில் அதைப் பட்டு என்றே சொல்வோம். மற்ற ஐந்திலும் பட்டு இல்லை. பழைய இசைத்தட்டின் வரிகளைப்போல் வளைந்த கோடுகள், இடையிடையே வாயுக்குமிழிகள். சுவாலையில் வளர்ந்த கட்டியின் அடையாளம் அது. இயற்கைக் கல்லின் வளர்ச்சிக்கோடு நேராகவோ கோணமாகவோ இருக்கும், வளையாது. எரியாமல் நின்ற அந்த மூன்றும், கடைக்காரத் தம்பி அசல் என்று சொன்னவை, சிவப்புக் கண்ணாடி.

அம்மா கல் மாறியதைக் கேட்டதும் நகை செய்த பத்தரைத்தான் நினைத்தார். அவரைக் குறைசொல்ல வேண்டாம் என்றேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செயற்கை மாணிக்கம் பெருவாரியாக உற்பத்தியாகி உலகமெங்கும் பரவிவிட்டது. கழன்று விழுந்த கல்லுக்குப் பதில் வாங்கிப் பதித்தவருக்கே அது என்னவென்று தெரியாமல் இருந்திருக்கலாம். பவுன் விலைக்குப் போகவிருந்த நகை, 13 கல்லுக்கும் அறிக்கையோடு வீட்டுக்குத் திரும்பியது. பிறகு விற்றார்களா என்று நான் விசாரிக்கவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

மற்றக் கற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புஷ்பராகத்தில் இந்த விளக்கு எங்களுக்கு நல்ல தோழி. இலங்கைப் புஷ்பராகத்தில் இரும்பு குறைவு என்பதால், நீண்ட அலைப் புறஊதாவில் பழுத்த பப்பாசிச் சதையின் நிறத்தில் ஒளிரும். அவுஸ்திரேலியாவின் இரும்பு கூடிய மஞ்சள் குருந்தம் ஒளிராது. புஷ்பராகம் என்று சொல்லிக் கைமாறும் மஞ்சள் நிறப் படிகக்கல்லும் அப்படி ஒளிராது. அந்த நிறத்தைக் கண்டால் கல் எங்கள் மண்ணுடையதாக இருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஊகம்தான், தீர்ப்பல்ல.

நீலக்கல்லுக்கு நிறம் கொடுப்பதே இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்துதான். எனவே அநேகமானவை விளக்கின்கீழ் பேசாது. ஆனால் கெவுட என்று சிங்களத்தில் சொல்லப்படும் பால்நிறக் கல்லின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. பெரிய விலை மதிப்பில்லாமல் கிடந்த அந்தக் கல்லை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே 1,500 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் சூடாக்கினார்கள். பால்போலத் தெரிந்ததற்குக் காரணமான உரூத்தைல் ஊசிகள் கரைந்து, அவற்றின் தைத்தேனியம் கல்லிலிருந்த இரும்போடு சேர்ந்தது. பால்நிறக் கல் நீலக்கல்லானது. அந்த வித்தையை எங்கள் ஆட்கள் கற்றுக்கொள்வதற்குள் எவ்வளவு போய்விட்டது! இரசாயனவியல் தெரியாததன் விலை என்று நான் மாணவர்களுக்குச் சொல்லும் உதாரணம் இது. இன்று சூடாக்குவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். சூடாக்கியதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம். சூடாக்கிய நீலக்கல் சிலவற்றில், குறுகிய அலைப் புறஊதாவில் சுண்ணாம்பு பூசியதுபோன்ற நீலப்பச்சை ஒளி திட்டுத்திட்டாகத் தெரியும். ஆனால் செயற்கை நீலக்கல்லிலும் அதேபோன்ற ஒளி தெரியலாம். மறுபடியும் நுணுக்குக்காட்டியிடம்தான் போகவேண்டும்.

வைரத்தில் பத்துக்கு மூன்று அளவில் ஒளிரும், பெரும்பாலும் நீலமாக. பளிங்கினுள் ஓர் இடம் வெறுமையாகி, அதைச் சுற்றி மூன்று நைதரசன் அணுக்கள் அமைந்திருப்பதுதான் காரணம். ஏழு கல்லு வைரத்தோடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இயற்கை வைரங்கள் என்றால் ஒரு கல் பலமாக ஒளிரும், பக்கத்துக் கல் மங்கலாக, இன்னொன்று ஒன்றுமில்லாமல், இப்படி ஏறுமாறாக இருப்பதே சாதாரணம். ஏழும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவாக ஒளிர்ந்தால் பரிசோதனைக்குக் கொடுங்கள். வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கும் ஹோப் என்ற நீலவைரம் குறுகிய அலை விளக்கை அணைத்த பிறகும் சிறிது நேரம் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். நாகமாணிக்கக் கதைக்கு ஆகக் கிட்ட வருவது அதுதான், ஆனால் அது மாணிக்கமல்ல.

மாத்தறை வைரம் என்று பெயர்பெற்ற நிறமற்ற கல் வைரமே அல்ல, சிர்க்கன். சிர்க்கன் பல சமயம் கடுகுமஞ்சளாக ஒளிரும். புல்மோட்டைக் கடற்கரைக் கறுப்பு மணலில் இல்மனைற்று, உரூத்தைல் ஆகியவற்றோடு சிர்க்கனும் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பிராங்க்ளின் என்ற ஊரின் நாகத் தாதுக் கல்லைக் குறுகிய அலை விளக்கின்கீழ் வைத்தால், வில்லமைற்று இளவாழைக் குருத்தின் பச்சையாகவும், பக்கத்தில் கல்சைற்று செம்மஞ்சளாகவும் எரியும். பகலில் பார்த்தால் றோட்டுக்குப் போடும் கல் மாதிரித்தான் இருக்கும். இரண்டிலும் ஒளி கொடுப்பது சிறிதளவு மங்கனீசு. ஒரே மங்கனீசு, குடியிருக்கும் வீட்டைப் பொறுத்து நிறம் மாறுகிறது.

வீடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இரத்தினபுரிச் சுரங்கங்களில் கல் கிடைக்கும் சரளைப் படைக்கு இல்லம என்று பெயர். தமிழ்க் காதுக்கு இனிமையான சொல். ஆனால் அந்த இல்லத்துக்குள் பெண்கள் இறங்குவது தீட்டு என்பது சுரங்கக்காரரின் பழைய வழக்கம். கிட்ட வரவும் விடமாட்டார்கள். வெளியே வந்த கல் ஆய்வுகூடத்து மேசையில் இருக்கும்போது அதற்கு அந்த வழக்கம் தெரியாது. உயர்தரத்தில் இரசாயனவியலும் பௌதிகவியலும் படிக்கும் பிள்ளைகள் இதை ஒரு தொழிலாகவும் யோசித்துப் பாருங்கள்.

விளக்கு வாங்க நினைப்பவர்களுக்கு: மலிவான ரோச்சுகள் பெரும்பாலும் 395 நனோமீற்றர் அளவில் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டும். அந்த ஊதா கல்லின் முகத்தில் பட்டுத் தெறிப்பதை ஒளிர்வு என்று நினைத்துவிடுவோம். 365 நனோமீற்றர், முன்னால் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 254 நனோமீற்றர் குறுகிய அலை விளக்கு விளையாட்டுப் பொருளல்ல. வெல்டிங் ஒளியைப் பார்த்தவருக்கு இரவில் கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் வருமே, அதையே இதுவும் செய்யும், தோலையும் சுடும். அதை மூடிய பெட்டிக்குள் வைத்துத்தான் பாவிக்க வேண்டும். எந்த விளக்கையும் கண்ணுக்கு நேரே பிடிக்கக்கூடாது.

விளக்கே இல்லாமலும் ஒரு பரிசோதனை செய்யலாம், எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே. ஒரு குடுவையில் செப்புச் சல்பேற்றுக் கரைசலை நிரப்பி, அதனூடாகச் சாதாரண மின்குமிழின் ஒளியை விடுங்கள். கரைசல் சிவப்பை விழுங்கிவிடும், கல்லின்மேல் நீலப்பச்சை மட்டும் விழும். இப்போது சிவப்புக் கண்ணாடியினூடாகக் கல்லைப் பாருங்கள். சிவப்பே போய்ச்சேராத கல்லிலிருந்து சிவப்பு வந்தால் அதைக் கல்தான் உண்டாக்கியது. மாணிக்கம் ஒளிரும், செந்நிற ஸ்பினலும் ஒளிரும். இரும்பு மிகுந்த கோமேதகச் சிவப்புக் கற்களும் சாதாரணச் சிவப்புக் கண்ணாடியும் இருட்டாக இருக்கும். பிரித்தானிய முடியில் பல நூற்றாண்டு மாணிக்கம் என்று மதிக்கப்பட்ட பெரிய சிவப்புக்கல் ஸ்பினல்தான் என்பதையும் இதோடு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒளிர்ந்தால் குரோமியம், அதற்குமேல் இந்தக் குடுவையும் சொல்லாது.

இரண்டு நீண்ட அலை விளக்குகள், மூடிய பெட்டியோடு ஒரு குறுகிய அலை விளக்கு, 30 கற்கள் கொண்ட ஒரு தட்டு ஆகியவற்றை எங்கள் வகுப்புத் தோழிகளின் சார்பில் கல்லூரி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். தட்டில் எது இயற்கை, எது செயற்கை, எது கண்ணாடி என்று எழுதிய தாளை உறையில் ஒட்டி இரசாயனவியல் ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் தாங்களே பார்த்து எழுதி முடித்த பிறகுதான் அவர் அதைத் திறப்பார்.

திரையை இன்னும் அரை மணித்தியாலம் மூடியே வைத்திருப்போம். பின்னாலுள்ள மேசைக்கு முதலில் முன்வரிசை அக்காமார் வரட்டும். தோடு, அட்டியல் ஒன்றையும் கழற்ற வேண்டாம், அணிந்தபடியே பார்க்கலாம். கண்ணை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். கண்டதை உங்கள் காதுக்குள் மட்டும்தான் சொல்லுவேன், பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லமாட்டேன்.